அப்பாவின் எட்டு பிளக் கார்

என் அன்பு மகனே,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அப்பா என் கையிலிருந்து போனைப் பறிக்கிறார், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நீ கட்டப்போகிற தாரணி அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, உது அப்பாவோ? உண்மையா எங்கடை அப்பாவோ?" என்று கேட்டாயே, ஓம், அது உன் அப்பாதான். மருதனார்மடச் சந்தியில், பட்டப்பகலில், சுற்றிவர ஆட்கள் நெருக்கியடித்து நிற்க, உள்ளங்கையில் ஒரு சிவப்புக் காரை ஏந்திக்கொண்டு வாய் ஓயாமல் கதைக்கிறவர் வேறு யாருமில்லை. கண் பார்வை போன நாளிலிருந்து படலைக்கு வெளியே கால் வைக்காத அதே மனிதர்தான். எப்படி நடந்தது என்று நீ கேட்டாய். கலியாணத்துக்கு முதல் உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்து வைத்திருந்ததையும் இதோடு சேர்த்து எழுதுகிறேன். கலியாணத்துக்குப் பிறகு அம்மாவின் நீண்ட கடிதத்தை எந்த மகன் இருந்து வாசிக்கப்போகிறான்?

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் கலியாணம் சரிவந்த அன்றே அப்பா என்னிடம் தன் முடிவைச் சொல்லிவிட்டார். "நான் வரேல்லை. என்னைக் கையிலை பிடிச்சுக் கொண்டுபோய்ச் சபையிலை இருத்த, சனம் முழுக்க என்ரை முகத்தைப் பாத்து 'ஐயோ பாவம்' எண்டு சொல்ல, உதுக்கு நான் ஆளில்லை. தம்பியோடை நீர் நிண்டு செய்யும்" என்றார். தாரணியின் தகப்பன் சண்டிலிப்பாயிலிருந்து பை நிறையக் கத்தரிக்காயும் கறிமிளகாயும் கொண்டு நம் வீட்டுக்கு வந்தபோதும், காய்ச்சல் என்று சொல்லி அறைக்குள்ளேயே படுத்துக்கொண்டார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நெல்லியடியில் அத்தனை வருடம் வாடகைக் கார் ஓடிய மனிதர். ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் வெளிநாடு போனாலும், அவருடைய பழைய ஏ-ஃபோட்டிக் கார்தான் வாசலில் வந்து நிற்கும். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் கண்ணைப் பிடித்ததும் காரை வவுனியாப் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைத் தேடி வந்தவர்களும் குறைந்தார்கள், வந்தவர்களை இவரும் சந்திக்கவில்லை. அப்பா கலியாணத்துக்கு வருவாரா என்று நீ கேட்டபோதெல்லாம் "பாப்பம் தம்பி" என்று நான் மழுப்பியது இதனால்தான்.

கலியாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று உன் அறையை ஒதுக்கினேன். கட்டிலுக்குக் கீழே, நீ கொழும்பில் படிக்கிற காலத்தில் வாங்கிய மாதிரிக் கார்ப் பெட்டி கிடந்தது. மறந்திருப்பாய். ஒரு பந்தயக் காரைப் பாதி ஒட்டிவிட்டு, மேல்மூடியை நீயே மிதித்து உடைத்து, ஒரு கிழமை எங்களோடு கதைக்காமல் திரிந்தாயே, அந்தப் பெட்டி. அடித்தட்டும் எஞ்சினும் அகலமான நாலு சில்லும் அப்படியே இருந்தன. மேல்மூடி மட்டும்தான் இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன். மூடிதானே? கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தை மெழுகில் செதுக்குகிற எனக்கு ஒரு காரின் கூரையைச் செதுக்க முடியாதா? பல் வைத்தியசாலையில் நான் கட்டுப்பல் செய்வது எப்படி என்று உனக்குத் தெரியும். மெழுகில் உருவம் பிடித்து, அதைச் சாந்துக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் அக்கிரிலிக்கை அடைத்து அவித்து எடுத்தால் பல் பதிகிற ஈறு, பல்முரசு. அதே மாதிரிச் செய்தால் கார். அப்பாவுக்கு அவருடைய ஏ-ஃபோட்டியையே கையில் கொடுத்துவிடலாம். அந்த யோசனை வந்ததுதான் தாமதம், வெள்ளையடிக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பழைய படங்களைத் தேட ஓடினேன்.

படங்களைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. எல்லாம் அயலட்டைக் கலியாண வீட்டுப் படங்கள். எதிலும் கார் யாராவது ஒருவரின் கூறைச் சேலைக்குப் பின்னால்தான் நிற்கிறது. முன்பக்கம் கொஞ்சம், ஒரு கதவு, கூரையின் ஒரு வளைவு. பின்பக்கம் ஒரு படத்திலும் இல்லை. உண்மைக் காரின் இருபத்துநாலு அங்குலத்தை ஒரு அங்குலமாகச் சுருக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கணக்குப் பார்த்து முன்பக்கத்தை மெழுகில் பிடித்துவிட்டேன். பின்பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று, தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, எங்கடை காரின்ரை டிக்கி கீழை போகேக்கை நேரை போகுமோ, வளைஞ்சு போகுமோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

"நீர் சும்மா ஒண்டும் கேக்கமாட்டீர்."

ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது. மெழுகுக் காரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். விரல் ஒன்று கூரையில் ஓடியது, மற்றது முன் மட்காட்டில் இறங்கியது. அழுவார் என்று நினைத்தேன். மகனே, உன் அப்பா சொன்னது இதுதான்: "உதென்னப்பா, தவளையோ?" கூரை உயரம் கூடிவிட்டதாம், முன்கண்ணாடி படுத்துக்கிடக்கிறதாம், பொனட் மூக்கு இன்னும் உருள வேண்டுமாம். பெருவிரலால் அவர் அழுத்தியதில் இடதுபக்க மட்காட் அமுங்கிப் போனது. நான் கத்திவிட்டேன். அவர் சிரித்தார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! "விடும், விடும், இப்பதான் சரி. சந்தையடியிலை லொறிக்காரன் இடிச்ச நெளிவு உதிலைதான் கிடந்தது" என்றார். அந்த நெளிவை நான் அப்படியே விட்டேன். அன்றிலிருந்து பின்பக்கத்தை அவர் விரலால் காட்டக் காட்ட, நான் மெழுகில் பிடித்தேன்.

நான் வேலை செய்கிற இடத்து டொக்டர் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் அங்கே அவித்தேன். குடுவைக்குள் முழுக் காரும் கொள்ளாது, மூன்று துண்டாகத்தான் அடைக்க வேண்டியிருந்தது. டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தப் பல்லு ஆரின்ரை வாய்க்குள்ளை போகப்போகுது?" என்று கேட்டாள். எனக்கு அவசரம் தாங்கவில்லை. தண்ணீரை வேகமாகக் கொதிக்க வைத்துவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, "கொதிக்க விடாதையுங்கோ" என்பதுதான். நானே அதைச் செய்தேன். திறந்து பார்த்தால் கூரை முழுவதும் பொத்தல், இடியப்பத் தட்டு மாதிரி. வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். அப்பா கொஞ்சமும் கவலைப்படவில்லை. "அப்ப கூரையைத் திரும்பச் செய்யேக்கை இன்னும் கொஞ்சம் பதிச்சுச் செய்யும்" என்றார். அடுத்தமுறை பொறுமையாக அவித்தேன், ஒரு குமிழி இல்லை. துண்டுகளை ஒட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் கார் முழுக்கப் பல்முரசு நிறம், நல்ல ரோஸ். அதை அப்பாவிடம் சொன்னதும், "உந்த நிறத்திலை ஓடினா நெல்லியடிச் சனம் கல்லெறியும்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான், நீ கலியாணம் கட்டப்போகிற பிள்ளை என்பதால், கவனித்து வாசிக்க வேண்டியது. என் திட்டம் என்னவென்றால், காரை நானே முடித்து, சாம்பல் நிறம் அடித்து, பழைய காரை உரித்து வைத்த மாதிரி அவர் கையில் கொடுப்பது. அப்படியே அழகாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. சாண்ட் பேப்பரைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தண்ணீர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காரைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்கத் தொடங்கினார். "இஞ்சை ஒரு மேடு நிக்குது" என்பார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. "மேடுமில்லை, ஒண்டுமில்லை" என்பேன். அடிப்பூச்சு ஒன்று மெல்லிசாக அடித்துப் பார்த்தால், அவர் சொன்ன அதே இடத்தில் மேடு பளிச்சென்று நிற்கும். அதற்குப் பிறகு அவர் மேடு என்றால் மேடுதான். காலையில் எழும்பியதும் அவருக்கு முதல் வேலை காரைத் தேடுவது. தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும்.

பிறகு சில்லுப் பிரச்சினை வந்தது. உன் பந்தயக் காரின் சில்லுகள் நல்ல அகலம், ஏ-ஃபோட்டிக்குக் கீழே பூட்டினால் மட்காட்டுக்கு வெளியே பிதுங்கின. நான் துளைகருவியை எடுத்து அவற்றை மெல்லிசாக்கத் தொடங்கப்போக, சத்தத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன வெட்டுறீர்?"

"சில்லைத்தான். எங்கடை காருக்கு உப்பிடி அகலச் சில்லு இல்லையே."

"வெட்டாதையும்! இஞ்சை தாரும்." வாங்கிச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் அப்படி மலர்ந்தது. "அப்பிடியே பூட்டும். அகலமாய், நல்லாப் பதிச்சு, நிலத்தோடை நிலமாய்."

"இஞ்சாருங்கோ, இது உங்கடை கார் மாதிரி வராதே. அது ஆசுப்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஓடின கார்."

"அது ஊருக்கு ஓடின கார். இது எனக்கு."

அந்த ஒரு சொல்லில் என் திட்டம் முழுவதும் கவிழ்ந்தது. சில்லு அகலமாகவே நின்றது. கார் நிலத்தோடு பதிந்தது. எஞ்சினைப் பற்றிக் கேட்டார், எத்தனை ஸ்பார்க் பிளக் என்று. எண்ணிப் பார்த்து எட்டு என்றேன். "எட்டோ?" என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். வாழ்நாள் முழுக்க நாலு பிளக்கோடு மாரடித்த மனிதர். "அப்ப பொனட்டை வெட்டும், எஞ்சின் வெளியிலை தெரியட்டும்!" பொனட்டை வெட்டினேன். பல்லுக்குக் கிளிப் போடுகிற மெல்லிய கம்பியில் பிளக் வயர்கள் எட்டும் இழுத்தேன். அவர் ஒவ்வொரு வயராக நகத்தால் தொட்டு எண்ணினார். முன்பக்கத்துக் கிறில், கதவுப் பிடிகள், முன்கதவு இரண்டும் திறக்கிற பிணைச்சல்கள் எல்லாம் அதே கம்பிதான். டாஷ்போட்டில் பிள்ளையார் இல்லாமல் தான் ஓடியதில்லை என்றார். மிஞ்சிக் கிடந்த பொய்ப்பல் ஒன்றில் அரிசியளவு பிள்ளையார் செதுக்கினேன். தும்பிக்கை எந்தப் பக்கம் என்று நகநுனியால் பார்த்துவிட்டு, "ஓம்" என்றார்.

நிறத்துக்கு வந்தோம். சாம்பலைக் கலந்து வைத்திருந்தேன். "சிவப்பு" என்றார். என்னுடைய வாய் உனக்குத் தெரியும்தானே, "உங்களுக்கு..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே மிச்சத்தைச் சொன்னார்: "எனக்கென்ன தெரியவோ போகுது எண்டு நினைக்கிறீர். காரைக் கண்ட உடனை ஆக்கள் என்ன சொல்லுகினம் எண்டதிலை எனக்குத் தெரியும், அது எவ்வளவு சிவப்பெண்டு." நெல்லியடிக் கடையில் இருந்த சிவப்புகளில் எது நல்ல சிவப்பு என்று நான் அரை நாள் நின்று யோசித்தேன், மகனே. கடைசியில் பொழுதுபட்ட நேரத்து வல்லை வெளி வானம் மாதிரி ஒன்றை எடுத்தேன். குசினியில் காற்றுப் படாமல் கதவுகளைச் சாத்திக்கொண்டு அடித்தேன். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அவர் தேய்க்க, திரும்ப நான் அடிக்க, கடைசியில் என் முகம் அதில் தெரிந்தது. தெரிகிறது என்று நான் சொன்னதும், "பொட்டும் தெரியுதோ?" என்று கேட்டார்.

கார் முடிந்தது. முடிந்த அடுத்த நாள் காலையில் உன் அப்பா குளித்து, வேட்டி கட்டி, காரை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருக்கிறார். "ஓட்டோவைக் கூப்பிடும். புதுசா வாகனம் எடுத்தால் மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலிலை பூசை செய்யாமல் ஓடுறேல்லை." நான் பகிடி என்று நினைத்தேன். அவர் செருப்பைத் தேடிக் காலை நிலத்தில் துழாவியபோதுதான் உண்மையென்று விளங்கியது. ஓடிப்போய் ஓட்டோவைப் பிடித்தேன், அவர் மனம் மாறிவிடக் கூடாதே என்று சேலையைக்கூட ஒழுங்காக உடுக்கவில்லை. வழி முழுக்க அவர்தான் ஓட்டோக்காரத் தம்பிக்கு வழி சொன்னார். வல்லை வெளிக் காற்று முகத்தில் அடித்ததும், "பாலத்துக்கு முன்னாலை ஒரு கிடங்கு இருக்கு, இடது பக்கம் எடும்" என்றார். அவர் சொன்ன பள்ளம் அப்படியே இருந்தது! புத்தூர்ச் சந்தி வளைவை அவர் உடம்பாலேயே அறிந்தார். ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மா, ஐயாவுக்குக் கண் தெரியாதெண்டெல்லோ சொன்னியள்?" என்றான்.

கோயிலில் ஐயர் தட்டும் தேசிக்காயுமாக வெளியே வந்து, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "வாகனம் எங்கை நிக்குது?" அப்பா துவாயை விரித்தார். ஐயர் ஒருகணம் காரைப் பார்த்தார், கையில் இருந்த தேசிக்காயைப் பார்த்தார். சில்லுக்குக் கீழே வைக்கிற தேசிக்காய் காரின் பாதி உயரத்துக்கு நின்றது! நான் கூச்சத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். ஆனால் ஐயர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த பழங்களுக்குள் தேடி நாலு திராட்சையைப் பிடுங்கி, நாலு சில்லுக்கும் கீழே ஒவ்வொன்றாக வைத்தார். சந்தனம் வைத்தார், தீபம் காட்டினார். "இப்ப ஓடுங்கோ" என்றார். அப்பா குந்தியிருந்து, பெருவிரலும் சுட்டுவிரலுமாகக் காரின் கூரையைப் பிடித்து முன்னால் தள்ளினார். நாலு திராட்சையும் ஒரே நேரத்தில் நசுங்கி, சாறு கல்லில் தெறித்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஆட்கள் "ஓ!" என்று கூவிவிட்டார்கள். அப்பா அந்தச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு நான் அவருக்குத் தேவைப்படவில்லை. சந்தியில் நிற்கிற வாடகைக் கார்க்காரர்கள் ஓடிவந்தார்கள். "அண்ணை! நீங்களோ? எவ்வளவு காலம் அண்ணை!" "உதென்ன அண்ணை, ஏ-ஃபோட்டிக்குப் பேய் பிடிச்ச மாதிரி?" "எட்டு பிளக்கடா, எண்ணிப் பார்!" ஒருவன் எண்ணினான். இன்னொருவன், "என்ன சிவப்பு அண்ணை, கண்ணுக்குள்ளை குத்துது!" என்றான். அப்பா என் பக்கம் திரும்பி, "கேட்டீரோ?" என்றார். நான் கேட்டேன்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சந்தைக்குப் பூசணிக்காய் இறக்க வந்த ஒருவர் உள்ளே வந்தார். தாரணியின் தகப்பன். நான் பயந்துவிட்டேன். யார் என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் சட்டென்று இறுகியது. அந்தப் பொய்க் காய்ச்சல் அவருக்கு நினைவு வந்திருக்கும். சம்பந்தி சுகம் ஒன்றும் விசாரிக்கவில்லை, பாவம் பார்க்கவுமில்லை. கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் காரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கதவு திறக்குமோ சம்பந்தி?"

"முன் ரெண்டும் திறக்கும். நகத்தாலை மெல்ல இழுங்கோ."

திறந்தார். "அட! உள்ளுக்கை பிள்ளையாரும் இருக்கிறார்!" என்றவர், காரை அப்பாவின் கையில் திரும்ப வைத்துவிட்டு, போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். நீ பார்த்தது அதைத்தான். பிடித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப மாப்பிள்ளை கலியாணத்துக்கு எந்தக் காரிலை வாறார்?"

அப்பா துவாயை மடித்துத் தோளில் போட்டார்.

"கார் எதெண்டாலும் பரவாயில்லை" என்றார் அப்பா. "முன்சீற்றிலை நான் இருப்பன். சண்டிலிப்பாய் ஒழுங்கையள் எனக்கு மனப்பாடம். ட்ரைவருக்கு வழி நான் சொல்லுவன்."

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், மகனே. யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தி அதற்குள் தன் உழவு மெஷின் லாண்ட்மாஸ்ரரையும் இப்படிச் செய்துதர முடியுமா என்று கேட்க, அப்பா முடியும் என்று சொல்லி, பின்னால் இழுக்கிற பெட்டிக்கு எந்த நிறம், எஞ்சினுக்கு எந்த நிறம் என்று பேரம் நடந்துகொண்டிருந்தது. அந்த லாண்ட்மாஸ்ரரைத் தொட்டுப் பார்க்க வருகிற ஞாயிறு நாங்கள் சண்டிலிப்பாய் போகிறோம். அப்பாவே நாள் குறித்துவிட்டார்.

உனக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். தாரணிக்கு எல்லாவற்றையும் நீயே யோசித்து, நீயே முடித்து, அழகாகச் சுற்றிக் கையில் கொடுக்கலாம் என்று நினைக்காதே. அன்பில்தான் அப்படித் தோன்றும், எனக்கும் அன்பில்தான் தோன்றியது. பாதியில் கொண்டுபோய்க் கொடு. அவள் மட்காட்டை அமுக்குவாள், பொனட்டை வெட்டச் சொல்லுவாள், நீ சாம்பல் கலந்து வைத்த இடத்தில் சிவப்புக் கேட்பாள். கொடு. நான் இந்த மனிதரோடு இத்தனை காலம் வாழ்ந்தும் அவருக்குச் சிவப்புப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. நீ கேள், அடிக்கடி கேள். அவளுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிற நாளில் இன்னும் ஒருதரம் கேள். அவள் உனக்குத் தெரியாத இடத்து மேட்டைச் சொன்னால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாதாடாதே.

இதை நான் எழுத எழுத அப்பா பக்கத்தில் இருந்து, எவ்வளவு எழுதிவிட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வாசித்துக் காட்டினேன். தவளைக் கதையை வெட்டச் சொன்னார், நான் வெட்டவில்லை. தன் பங்குக்கும் ஒன்று எழுதச் சொல்கிறார், சொன்னபடியே எழுதுகிறேன்:

"வெளிக்கிடுற நேரத்துக்குத் தம்பியை வெளிக்கிட்டு நிக்கச் சொல்லும். மாப்பிள்ளை எண்டாலும் நான் காருக்குள்ளை காத்துக்கொண்டு இருக்கமாட்டன்."

அன்புடன்,
அம்மா